ஃப்ரிட்ஜ் இல்லாத திருவிழாக் கடைக்கு எந்தப் பலகாரம்?

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில், நவம்பர் இறுதியில் கோட்டாறு சவேரியார் கோயிலில் கொடியேறினால் டிசம்பர் 3 வரை திருவிழா. மார்கழியில் சுசீந்திரம் தேர், தையில் நாகராஜா கோயில் தேர், மாசியில் மண்டைக்காட்டுக் கொடை. நடுவில் பள்ளிக்கூட ஆண்டுவிழாக்கள், ஊர்க்கோயில் கொடைகள். இந்த மாதங்களில் சுயஉதவிக் குழுக்காரர்கள், சர்ச் இளைஞர் குழுவினர், பெற்றோர் சங்கத்தினர் என்று யாராவது தின்பண்ட ஸ்டால் போட்டுக்கொண்டே இருப்பார்கள். உணவுப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிற என்னிடம் அவர்கள் முதலில் கேட்பது, "டீச்சர், ஐஸ்பெட்டி ஒண்ணு வாடகைக்கு எடுத்தா போதும்லா?"

போதாது. திறந்தவெளிக் கடையில் ஐஸ்பெட்டியின் மூடி சாயங்காலம் முழுக்கத் திறந்து மூடிக்கொண்டே இருக்கும். ஐஸ் உருகி, உள்ளே இருக்கிற பண்டம் 5 டிகிரி செல்சியஸைத் தாண்டியது வெளியே யாருக்கும் தெரியாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் பெருகும். நம் ஊர் வெயிலும் புழுக்கமும் சரியாக அந்த இடைவெளியில் இருக்கின்றன. அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: குளிர்ச்சி தேவைப்படும் பண்டத்தை அந்தக் கடைக்குக் கொண்டுபோகவே வேண்டாம். எதைச் செய்வது என்று முடிவெடுக்கிற அன்றைக்கே பாதிப் பாதுகாப்பு முடிவாகிவிடுகிறது.

ஒரு பண்டம் கெடுமா கெடாதா என்பதை முதலில் தீர்மானிப்பது அதிலுள்ள நீர். மொத்த ஈரம் எவ்வளவு என்பதைவிட, கிருமிக்குக் கிடைக்கிற மாதிரி கட்டுப்படாமல் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதே முக்கியம். இதைப் பூஜ்யத்திலிருந்து 1 வரை அளப்பார்கள். 0.85க்குக் கீழே போனால் நச்சு உண்டாக்கும் பாக்டீரியாக்கள் தலையெடுக்க முடியாது, 0.6க்குக் கீழே பூஞ்சைகூட வளராது. வேகவைத்த கடலையும் துருவின தேங்காயும் 0.95க்கு மேல். மொறுமொறுப்பான ஏத்தங்காய் சிப்ஸ் 0.6க்கு வெகு கீழே. சர்க்கரையோ கருப்பட்டியோ பாகாகி உள்ளே இறங்கினால் அது நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் பாட்டிமார் இந்த எண்களைப் பார்த்ததில்லை, ஆனால் அவர்கள் செய்த விசேஷப் பலகாரங்கள் எல்லாம் இந்தக் கணக்குக்குள்தான் நிற்கின்றன.

முந்திரிக்கொத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறுபயறை வாசம் வரும்வரை வறுத்து, தோலைப் புடைத்து நீக்கி, கரகரப்பாகத் திரிக்கிறோம். தேங்காய்த் துருவலைப் பச்சையாகச் சேர்ப்பதில்லை. நன்றாகச் சிவந்து, கையில் எடுத்தால் ஒட்டாமல் உதிரும்வரை வறுக்கிறோம். எள்ளும் வறுத்தது, ஏலமும் சுக்கும் பொடித்தது. கருப்பட்டிப் பாகைக் காய்ச்சி வடிகட்டி, பதம் வந்ததும் ஊற்றிப் பிசைந்து, சூடு தாங்கும்போதே உருண்டை பிடிக்கிறோம். அந்த உருண்டைகளை மேலே உலரும்வரை வைத்திருந்து, மஞ்சள் சேர்த்த அரிசிமாவுக் கரைசலில் மூன்று மூன்றாக முக்கி எண்ணெயில் போடுகிறோம். ஒவ்வொரு படியிலும் நீர் வெளியே போகிறது, அல்லது பாகில் கட்டுப்படுகிறது. இப்படிச் செய்த கொத்து மூடிய டின்னில் பத்து நாளுக்குக் குறையாமல் இருக்கும்.

ஆனால் இதே முந்திரிக்கொத்து நாலாம் நாளே உள்ளே பூத்துப்போய் வந்ததும் உண்டு. உடைத்துப் பார்த்தால் மேல் மாவு நன்றாக இருக்கும், நடுவில் மட்டும் ஈரமாக, புளித்த வாடை அடிக்கும். நான் கேட்கிற கேள்வி இரண்டு: தேங்காயை எவ்வளவு நேரம் வறுத்தீர்கள், பாகு எந்தப் பதம்? பெரும்பாலும் இரண்டில் ஒன்றில்தான் அவசரம் நடந்திருக்கும். ஒரு துளிப் பாகைத் தண்ணீரில் விட்டால் கரைந்து ஓடாமல் திரண்டு நிற்க வேண்டும். கடலை மிட்டாய்க்கும் பொரி உருண்டைக்கும் இன்னும் முறுக வேண்டும்: தண்ணீரில் விட்டு எடுத்த துளியைத் தட்டில் போட்டால் 'டங்'கென்று சத்தம் கேட்க வேண்டும். வேலை மிஞ்சிப்போன இரவில் இந்தச் சோதனையைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள். தயவுசெய்து விடாதீர்கள்.

நிலக்கடலை பொறுக்கும்போதும் அதே பொறுமை வேண்டும். சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சை பிடித்தது எல்லாவற்றையும் தூக்கி எறிய வேண்டும். அதிலிருக்கும் அஃப்ளாடாக்ஸின் என்ற நச்சு வறுத்தாலும் முழுக்கப் போகாது, ஈரலைப் பாதிக்கக்கூடியது. பொடித்துப் பாகில் போட்டுவிட்டால் கெட்ட கடலை கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் சரியாகத் தெரியாது.

வறுத்துப் பொரித்தவற்றுக்கு நம் மாவட்டத்தில் எதிரி காற்று. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்கிற ஊர் இது, போதாததற்குக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் மொறுமொறுவென்று இருந்த அச்சுமுறுக்கு, தட்டில் திறந்து வைத்தால் சாயங்காலம் சவசவவென்று ஆகிவிடும். நமத்துப்போனது உடனே நோய் தராது என்றாலும் வாங்குகிறவர் மறுபடி வரமாட்டார். இதற்கு எளிய வழி இரண்டு டின் வைத்துக்கொள்வது. பெரிய டின் கடைக்குப் பின்னால், மூடியபடியே. முன்னால் சின்ன டின், அரைமணி நேரத்துக்கு விற்கிற அளவு மட்டும். இன்னொன்று, பொரித்த சூட்டோடு டின்னில் அடைக்கவே கூடாது. உள்ளே ஆவி முட்டி, வேர்த்து, அந்த ஈரமே பூஞ்சைக்கு வழிவிடும். பரப்பி வைத்து, உள்ளங்கையில் எடுத்தால் சூடு தெரியாத பிறகு அடைக்க வேண்டும்.

பொரிக்கிற எண்ணெய் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எண்ணெயில் கெட்டுப்போன கூறுகள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதை விலக்க வேண்டும் என்பது 2018 ஜூலை முதல் சட்டம். அளக்கிற கருவி நம்மிடம் இருக்காது. நிறம் கறுத்து, நுரை அடங்காமல் நின்று, குறைந்த சூட்டிலேயே புகைந்தால் அது முடிந்துபோன எண்ணெய். அதன் மேல் புது எண்ணெயை ஊற்றிச் சரிக்கட்டினால் புது எண்ணெயும் சேர்ந்து கெடும்.

தேங்காய்தான் இந்த ஊரில் நான் அதிகம் பேசுகிற பொருள். நமக்குத் தேங்காய் இல்லாமல் எதுவும் இறங்காது. சுண்டலில், புட்டில், கொழுக்கட்டையில், மரச்சீனிக்கு (மரவள்ளிக் கிழங்குக்கு) தொட்டுக்கொள்கிற சம்மந்தியில் எல்லாம் பச்சைத் தேங்காய். அதைச் சேர்த்த நிமிடத்திலிருந்து அந்தப் பண்டத்துக்கு நேரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. ஆகவே கடலைச் சுண்டலைத் தேங்காய் போடாமல் ஆவி பறக்கச் சூடாக வைத்திருந்து, வாங்க ஆள் வந்ததும் இலையில் எடுத்து, துருவலை மேலே தூவுங்கள். துருவலையும் தேங்காய் மூடியிலிருந்து அப்போதைக்கு அப்போது, சிறிது சிறிதாகத் துருவுங்கள்.

திரளியப்பம், ஓலைக்கொழுக்கட்டை, மண்டைக்காட்டில் நேர்ச்சை வைக்கிற மண்டையப்பம் எல்லாம் ஆவியில் வெந்தவை. இனிப்பு இருக்கிறதே என்று நம்பி மறுநாளைக்கு வைக்கக் கூடாது; இவற்றில் நீர் அதிகம். அரிசி மாவில் ஒட்டிக்கொண்டிருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாமல் இருந்து, பண்டம் ஆறியதும் முளைக்கும். வெந்த பண்டத்தைச் சூடாக, 60 டிகிரிக்கு மேல் வைத்திருக்க முடியாவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தின்று முடிக்க வேண்டும். வெயில் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் ஒரே மணி நேரம். மரச்சீனிக் கிழங்குக்கும் அவித்த நிலக்கடலைக்கும் இதே கணக்குதான். ஒரு பெரிய குட்டுவத்தில் மொத்தமாக அவித்து வைப்பதைவிட, சின்னப் பாத்திரத்தில் நாலு தடவை அவிப்பது எவ்வளவோ மேல்.

பள்ளிக்கூட ஸ்டால்களில் பிள்ளைகள் மயோனைஸ் சாண்ட்விச் கேட்கிறார்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தது. சால்மொனெல்லா போன்ற கிருமிகளின் ஆபத்துதான் காரணம். முட்டை சேராத மயோனைஸ் ஆனாலும் வெயிலில் நிற்கிற மேசைக்கு அது ஏற்றதில்லை. கிரீம் பன், பால்கோவா, நறுக்கி வைத்த பழக் கிண்ணம் இவற்றையும் விட்டுவிடுங்கள்.

பழம் வேண்டுமென்றால் முழுப் பழமாக வையுங்கள். இயற்கையே உறை போட்டு அனுப்புகிற வாழைப்பழத்துக்கு நம் ஊரில் என்ன பஞ்சம்? செந்துளுவன், ரசகதலி, பாளையங்கோட்டன், எல்லாவற்றுக்கும் மேலாக மட்டி. கன்னியாகுமரி மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. பல் இல்லாத தாத்தாவுக்கும் சின்னப் பிள்ளைக்கும் முறுக்கைவிட அதுதான் நல்லது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் மட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு சீப்பாகவே கேட்டு வாங்குவதைப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷம்.

குடிக்க, கருப்பட்டி போட்ட சுக்குக்காப்பி. கொதிக்கக் கொதிக்க பிளாஸ்கில் இருக்கும், பால் வேண்டாம், மழை இரவுக்கு இதமும்கூட. சர்பத்தும் ஜூஸும் போடுகிறவர்கள் ஐஸ் எங்கிருந்து வருகிறது என்று கட்டாயம் கேளுங்கள். குளச்சல், சின்னமுட்டம் என்று மீன்பிடித் துறைமுகங்கள் உள்ள மாவட்டம் இது. மீனுக்கு வார்க்கிற ஐஸ்கட்டி எளிதாகக் கிடைக்கும். அது குடிநீரில் செய்ததாக இருக்க வேண்டியதில்லை. உண்ணத் தகாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சொன்னது இந்தக் குழப்பத்தைத் தடுக்கத்தான். நிறம் இல்லை என்பதாலேயே அதை நம்பி டம்ளரில் போட்டுவிடாதீர்கள்.

கடையில் காசு வாங்குகிறவர் பண்டத்தைத் தொடக் கூடாது. கையில் வெட்டுக்காயமோ சீழ்க்கட்டியோ இருக்கிறவர் அன்றைக்குக் காசு வாங்குவதோடு நிற்கட்டும். அந்தப் புண்ணிலிருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி ஈரப் பண்டத்தில் பெருகி உண்டாக்குகிற நச்சு, மறுபடி சுட வைத்தாலும் போகாது. தின்ற சில மணி நேரத்திலேயே வாந்தி கண்டுவிடும். மைதானத்தில் குழாய் இருக்காது என்று முன்கூட்டியே தெரியும். திருகுகுழாய் வைத்த ஒரு டிரம்மில் தண்ணீரும், கட்டி சோப்பும், கழிவுநீருக்கு ஒரு வாளியும் கொண்டுபோய்விடுங்கள். செய்தித்தாளில் பொதிய வேண்டாம், மை எண்ணெயோடு பண்டத்தில் ஒட்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. வாழையிலைத் துண்டும் பாக்குமட்டைத் தட்டும் நம் ஊரிலேயே கிடைக்கும்போது வேறு எதற்கு?

ஒரு நாள் கடைதானே என்று பதிவு செய்யாமல் இருக்கிறார்கள். தற்காலிகக் கடைக்காரரும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டியவர்தான். விழாவுக்குச் சில வாரம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். நிலக்கடலை, எள், முந்திரிப்பருப்பு சேர்ந்த பண்டங்களின் பெயரை ஓர் அட்டையில் பெரிதாக எழுதி முன்னால் தொங்கவிடுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளையின் அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.

ராத்திரி கடை கட்டும்போது மிச்சத்தை இரண்டாகப் பிரியுங்கள். பெரிய டின்னில் திறக்காமல் இருந்த முறுக்கும் முந்திரிக்கொத்தும் கடலை மிட்டாயும் மறுநாளைக்குப் போகலாம். டின்னில் செய்த தேதியை எழுதி ஒட்டியிருக்க வேண்டும். சின்ன டின்னில் திறந்து கிடந்ததை முதலில் விற்றுத் தீர்க்க வேண்டும். சுண்டல், கொழுக்கட்டை, துருவின தேங்காய் எது மிஞ்சினாலும் கொட்டிவிடுங்கள். பந்தல்காரருக்கோ காவலுக்கு நிற்கிறவருக்கோ கொடுத்துவிடலாம் என்று தோன்றும். கொடுப்பதானால் எட்டு மணிக்கே, சூடாக இருக்கும்போதே கொடுங்கள்.