அந்தப் பளிங்கைத் தேய்க்காதீர்கள்

மறுபடியும் ஒன்று வந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்கும் பளிங்குத் தலை. நீண்ட மூக்கு, பின்னோக்கிச் சாய்ந்த முகம். கண்ணும் வாயும் செதுக்கப்படவில்லை. கிரேக்க நாட்டின் சைக்ளேடிஸ் தீவுகளில் ஏறக்குறைய 4,500 ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட வகை. பரம்பரையாக வீட்டில் இருந்ததாம். அழுக்காக இருக்கிறதே என்று, என்னிடம் காட்டுவதற்கு முன்னால் குளியலறை கழுவும் அமிலத்தில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கொண்டுவந்திருந்தார்கள். நன்றாகவே வெளுத்திருந்தது. இனி அந்தக் கல்லிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள அதிகம் மிச்சமில்லை.

பழங்காலக் கல், சுடுமண் பொருள்களைப் பராமரிப்பது என் தொழில். ஏதென்ஸின் பார்த்தினான் கோயில் (கி.மு. 5-ஆம் நூற்றாண்டு) எழுவதற்கு முந்தைய கிரேக்கப் பொருள்கள்தான் என் மேசைக்கு அதிகம் வரும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் தாக்குப்பிடித்த ஒன்றை ஒரே சாயங்காலத்தில் அழித்துவிடுகிறார்கள், அதுவும் நல்லெண்ணத்தோடு. இதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

அமிலம் பளிங்கை என்ன செய்யும் என்று விளக்கப் போவதில்லை. வீட்டுத் தரையில் எலுமிச்சைச் சாறு சிந்திய யாருக்கும் அது தெரியும். தெரிந்தும் ஏன் ஊற்றுகிறார்கள்? கிரேக்கச் சிற்பம் என்றாலே வெள்ளை என்ற நம்பிக்கைதான் காரணம். அடியில் தூய வெள்ளை இருக்கிறது, மேலே இருப்பது வெறும் கறை, கறையை எடுத்தால் அசல் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். இது முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை தவறு. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தலைக்குக் கண் இல்லை என்றேன். கண் இருந்தது. வண்ணத்தில் தீட்டியிருந்தார்கள். ஏறத்தாழ கி.மு. 3200 முதல் 2000 வரை நாக்சோஸ், பாரோஸ், சிரோஸ், அமோர்கோஸ் முதலிய தீவுகளில் வாழ்ந்த அந்தச் சிற்பிகள் நாக்சோஸில் கிடைக்கும் எமரி என்ற கடினமான கல்லால் பளிங்கைத் தேய்த்து உருவம் கொடுத்தார்கள். மூக்கை மட்டும் முகத்தில் மேடாக விட்டார்கள். மற்றதைத் தூரிகை பார்த்துக்கொண்டது. கண், புருவம், தலைமுடி, கழுத்தணி எல்லாம் வண்ணம். கன்னத்திலும் நெற்றியிலும் சிவப்புக் கோடுகள், புள்ளிகள். சிவப்புக்குச் சாதிலிங்கம் என்ற பாதரசத் தாதுவும் இரும்புக் காவியும், நீலத்துக்கு அசுரைட் என்ற செம்புத் தாதுவும் பயன்பட்டன. சில உருவங்களில் கண்ணின் வடிவம் எதிர்பாராத இடங்களில்கூட தீட்டப்பட்டிருக்கிறது. அமோர்கோஸில் கிடைத்து ஏதென்ஸின் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கும் பெரிய தலையைப் பாருங்கள். அதன் முகத்தில் சிவப்பு இன்னும் தெரிகிறது. முகமே இல்லாத மௌன உருவங்கள் என்று நாம் சிலாகிப்பவை, செய்தவர்கள் கண்ணுக்கு அப்படி இருக்கவே இல்லை.

வண்ணம் உதிர்ந்துபோன உருவத்திலும் அதன் தடம் இருக்கும். இதைத்தான் வருகிறவர்களிடமெல்லாம் மன்றாடிச் சொல்கிறேன். வண்ணம் மூடியிருந்த இடத்தில் கல் குறைவாக அரிபட்டிருக்கும். சுற்றியுள்ள இடம் மெல்லத் தேய்ந்து இறங்கியிருக்கும். இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசம் விரலுக்குத் தட்டுப்படாத அளவுதான். இருட்டறையில் விளக்கைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து ஒளியைச் சாய்வாக விட்டால் ஒரு கண்ணின் விளிம்பு எழுந்து வரும். புற ஊதா விளக்கிலும் சில நேரம் தெரியும். அந்த மெல்லிய மேட்டைத்தான் அமிலம் முதலில் தின்கிறது. பிறகு எந்த விளக்கும் எந்தக் கருவியும் அதைத் திரும்பத் தராது.

இந்த வெள்ளை மோகம் எங்கிருந்து வந்தது? வெயிலிலும் மழையிலும் வண்ணம் இழந்த சிலைகளைத்தான் மறுமலர்ச்சிக் கால ஐரோப்பா முதலில் பார்த்தது. 18-ஆம் நூற்றாண்டில் விங்கெல்மன் போன்ற அறிஞர்கள் வெண்மையையே அழகின் அளவுகோலாக்கினார்கள். பள்ளிகளிலும் மாளிகைகளிலும் வெள்ளைச் சாந்து நகல்கள் நிரம்பின. சைக்ளேடிஸ் உருவங்களின் கதை இன்னும் வேடிக்கையானது. 19-ஆம் நூற்றாண்டில் இவற்றை அநாகரிகமானவை, அவலட்சணமானவை என்று ஒதுக்கினார்கள். 20-ஆம் நூற்றாண்டில் ஹென்றி மூர் போன்ற சிற்பிகள் இவற்றின் எளிமையைக் கொண்டாடினார்கள். உடனே சந்தை சூடுபிடித்தது. வாங்குகிறவர்கள் மழமழப்பான வெள்ளை வடிவத்தைத் தேடினார்கள். விற்கிறவர்கள் அமிலத்தால் தேய்த்துக் கொடுத்தார்கள். இன்று பல சேகரிப்புகளில் இருக்கும் "தூய்மை" அந்தத் தேய்ப்பின் விளைவு. வல்லுநர்களும் இதற்கு விலக்கில்லை. 1937-38-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலேயே பார்த்தினான் சிற்பங்களைச் செம்பு உளிகளால் சுரண்டினார்கள். காரணம் அதே வெள்ளை மோகம்.

அடுத்த காலத்துச் சிற்பங்களுக்கு வருவோம். கி.மு. 480-இல் பாரசீகர்கள் ஏதென்ஸின் கோயில் குன்றான அக்ரோபொலிஸைச் சூறையாடினார்கள். உடைந்து விழுந்த கன்னிச் சிலைகளை ஏதென்ஸ் மக்கள் அங்கேயே புதைத்தார்கள். 1886-இல் அவை வெளிவந்தபோது ஆடையின் கரைகளில் சிவப்பும் நீலமும் பச்சையும் கண்ணுக்குத் தெரிந்தன. எமில் ஜில்லியெரோன் என்ற ஓவியர் அவற்றை நீர்வண்ணத்தில் பதிவு செய்தார். அன்று தெரிந்த நிறங்களில் பல இன்று மங்கிவிட்டன. பதிவு மட்டும் இல்லையென்றால் நாமும் வெள்ளை என்றே சாதித்திருப்போம். (என் துறையினருக்கு ஒரு வார்த்தை: எகிப்திய நீலம் என்ற பழங்காலச் செயற்கை வண்ணம் கண்ணுக்குத் தெரியாத அளவே எஞ்சியிருந்தாலும் அகச்சிவப்புக் கேமராவில் ஒளிரும். அந்தக் காலப் பளிங்கு எது வந்தாலும், சுத்தம் செய்யப் பஞ்சை எடுப்பதற்கு முன் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்.)

சுடுமண்ணுக்கு வருகிறேன், சுருக்கமாக. வாணலி போலத் தட்டையாக இருக்கும் சைக்ளேடிஸ் பாத்திரங்களில் சுருள்களையும் நீண்ட கப்பல்களையும் கீறியிருப்பார்கள். அந்தக் கீறல்களுக்குள் வெள்ளைப் பசை நிரப்பும் வழக்கம் இருந்தது. டூத் பிரஷ் வைத்துக் கீறலுக்குள் குடைந்து "மண்ணை" எடுத்ததாகப் பெருமைப்படுகிறவர்கள், எடுத்தது என்ன என்று யோசிப்பதில்லை. அப்புறம் எலும்புக் குழல்கள். சிரோஸ் தீவின் கல்லறைகளில் கிடைத்த சிறு குழல்களுக்குள் நீல வண்ணத் தூள் இருந்தது. அந்த மக்கள் வண்ணத்தை எப்படி வைத்திருந்தார்கள் என்பதற்கு நேரடிச் சாட்சி அது. குழாயடியில் ஒரு முறை அலசினால் போதும், சாட்சி சாக்கடைக்குப் போய்விடும்.

மேலே படிந்திருக்கும் கெட்டியான சுண்ணப் பொருக்குக்கும் ஒரு வேலை இருக்கிறது. அதைக் கேரோஸ் தீவின் கதை நன்றாகக் காட்டும். இன்று யாரும் குடியிருக்காத சின்னத் தீவு. அதன் காவோஸ் பகுதியை 1960-களின் தொடக்கத்துக்குள்ளேயே கொள்ளையர்கள் தோண்டிச் சூறையாடிவிட்டார்கள். உடைந்த உருவங்கள் ஏராளமாக ஐரோப்பியச் சந்தைக்குப் போயின. கொள்ளையர்கள் உடைத்தார்களா, பழங்காலத்திலேயே உடைந்தவையா? இது கல்லறையா, வேறு ஏதாவதா? பல பத்தாண்டுகள் வாதம் நடந்தது. 2006 முதல் 2008 வரை தொல்லியலாளர் கொலின் ரென்ஃப்ரூ தலைமையில் நடந்த அகழாய்வில், அதிர்ஷ்டவசமாகக் கொள்ளையர் கை படாத இன்னொரு குவியல் கிடைத்தது. நூற்றுக்கணக்கான உருவத் துண்டுகள். ஒன்றோடு ஒன்று பொருந்துபவை மிகச் சில. வேறு தீவுகளில் வேண்டுமென்றே உடைத்து, ஆளுக்கொரு துண்டாகக் கடல் கடந்து கொண்டுவந்து, சடங்காக இங்கே வைத்திருக்கிறார்கள்.

உடைந்த முகப்பின் மேலேயே பழைய பொருக்கு படிந்திருந்தால் அந்த உடைவு பழமையானது. நீங்கள் "அழுக்கு" என்று சொல்வது அந்தப் பொருக்கைத்தான். அதைச் சுரண்டிவிட்டு, உடைந்த பக்கம் மேசையில் நேராக நிற்கட்டும் என்று அரமும் போட்டுக் கொண்டுவந்தால் நான் எதைப் பார்த்துச் சொல்வது? பளிங்கு எப்போது செதுக்கப்பட்டது என்று சொல்லும் சோதனை கிடையாது. மேற்பரப்பும், பொருக்கும், அதில் பதிந்த வேர்த் தடங்களும்தான் துணை. அவற்றை எடுத்துவிட்ட அசலையும் நேற்றுச் செய்த போலியையும் பிரிப்பது பெரும்பாடு. போலிகளோ இந்த வகையில் மலிந்து கிடக்கின்றன.

சரி, வாங்குவதைப் பற்றி. வாங்காதீர்கள். தொல்லியலாளர்கள் டேவிட் கில், கிறிஸ்டோபர் சிப்பின்டேல் இருவரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அன்று தெரிந்த சைக்ளேடிஸ் உருவங்களில் முறையான அகழாய்வில் கிடைத்தவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். மற்றவை எந்தத் தீவு, எந்தக் கல்லறை, யாரோடு புதைத்தது, பக்கத்தில் என்ன இருந்தது, எதுவும் தெரியாது. 2010 டிசம்பரில் நியூயார்க் ஏலத்தில் ஒரே ஓர் உருவம் 1 கோடியே 68 லட்சம் டாலருக்கும் மேல் போனது. இப்படி ஒரு விலை செய்தியில் வந்தால் கடப்பாரை எடுப்பவர்கள் சும்மா இருப்பார்களா?

இடம் தெரிந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஃபிராசிக்ளெயா என்ற பெண்ணின் சிலையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஏதென்ஸ் இருக்கும் அத்திகா பகுதியில் மெரெண்டா என்ற இடத்தில் ஒரு தேவாலயக் கட்டடத்தில் பழைய பீடக்கல் ஒன்று பதிந்திருந்தது. திருமணமாகாமல் இறந்த அந்தப் பெண்ணின் பெயரும், செதுக்கியவர் பாரோஸ் தீவின் அரிஸ்டியோன் என்பதும் அதில் இருந்தன. சிலையைக் காணோம். 1972-இல் அதன் அருகிலேயே நடந்த அகழாய்வில் கி.மு. 6-ஆம் நூற்றாண்டுப் பெண் சிலை ஒன்று வந்தது. சிவப்பு ஆடை, பூ வேலைப்பாடு, வண்ணம் நிறையவே இருந்தது. சிலையின் அடியில் இருந்த ஈயப் பொருத்து அந்தப் பீடத்தோடு சரியாகச் சேர்ந்தது. இரண்டரை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பெண்ணின் பெயர் அவளிடம் திரும்பி வந்தது. யாராவது இரவோடு இரவாகத் தோண்டி, கழுவி விற்றிருந்தால் "பெண் சிலை, பளிங்கு" என்ற அட்டையோடு எங்கோ நின்றிருப்பாள்.

"பழைய ஐரோப்பியச் சேகரிப்பு" என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும் என்று இணைய விற்பனையாளர்கள் நினைக்கிறார்கள். போதாது. பழம்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ ஒப்பந்தம் வந்த 1970-க்கு முன்பே கிரேக்கத்தை விட்டு வெளியே வந்தது என்பதற்குக் காகிதம் கேளுங்கள். காகிதம் இருந்தாலும் அந்தக் காகிதமே போலியாக இருக்கலாம். பெரிய அருங்காட்சியகங்களே மாட்டியிருக்கின்றன. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ அருங்காட்சியகம் 2014-இல் ஒரு சைக்ளேடிஸ் உருவத்தையும் ஒரு வாணலிப் பாத்திரத்தையும் கிரேக்கத்திடம் திருப்பிக் கொடுத்தது.

சுற்றுலாப் போகிறவர்களுக்கு. நாக்சோஸிலோ சாண்டோரினியிலோ பாதை ஓரத்தில் பழைய மண்பாண்ட ஓடு கிடந்தால் படம் எடுங்கள், எடுத்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அங்கேயே விட்டுவிடுங்கள். கிரேக்கத்தின் 2002-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி மண்ணில் கிடைக்கும் பழம்பொருள்கள் அரசுக்குச் சொந்தம். ஒரு சின்ன ஓட்டுக்காக விமான நிலையத்தில் நிற்க வேண்டாம். நினைவுப் பொருள் வேண்டுமென்றால் அருங்காட்சியகக் கடையில் முறையான நகல் வாங்குங்கள்.

வீட்டில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் தண்ணீர், வினிகர், எண்ணெய், மெழுகு, எதுவும் படக் கூடாது. சுடுமண் பாத்திரத்தைக் கழுவி வெயிலில் வைக்கவே கூடாது. உள்ளே ஊறிய உப்பு வெளியே வந்து மேற்பரப்பை உரித்துவிடும். உடைந்திருந்தால் உடனடிப் பசையால் ஒட்டாதீர்கள். அமிலமில்லாத காகிதத்தில் பொதிந்து, உள்ளே இருக்கும் மண்ணையும் அப்படியே விட்டு, அருகில் உள்ள அருங்காட்சியகத்தின் பாதுகாப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். பெட்டியோடு வந்த பழைய ரசீது, கடிதம், சீட்டு எதையும் தூக்கி எறிய வேண்டாம்.

கழுவிவிட்டீர்களா? தயவுசெய்து அதை மறைக்காதீர்கள். எதை ஊற்றினீர்கள், எவ்வளவு நேரம், எதனால் தேய்த்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். நாங்கள் திட்ட மாட்டோம், அல்லது கொஞ்சமாகத்தான் திட்டுவோம். அந்த பிரஷ்ஷையும் துடைத்த துணியையும் பாத்திரத்தின் அடியில் தங்கிய வண்டலையும் தனித்தனிப் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். அந்த வண்டலில் ஒரு துளி சாதிலிங்கம் அகப்பட்டால்கூட, அந்த முகத்தில் ஒரு காலத்தில் சிவப்பு இருந்தது என்று பதிவேட்டில் என்னால் எழுத முடியும்.