ஸ்கோரை நம்புவதற்கு முன்

2017 டிசம்பரில் கூகுளின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்ட் வெளியிட்ட முடிவு செஸ் உலகத்தையே உலுக்கியது. அவர்களின் ஆல்ஃபாஸீரோ என்ற நிரல், ஸ்டாக்ஃபிஷ் 8 என்ற என்ஜினுடன், அதாவது செஸ் ஆடும் மென்பொருளுடன், 100 ஆட்டம் ஆடி 28-ல் வென்றது. மீதி 72 டிரா. ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ஆனால் என்ஜின்களை மோதவிட்டுச் சோதித்துப் பழகியவர்கள் ஸ்கோரைவிட, ஆட்டம் எந்த நிபந்தனையில் நடந்தது என்பதைத்தான் துருவினார்கள்.

ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சரியாக ஒரு நிமிடம். சிக்கலான நிலையில் கூடுதலாக யோசித்து, எளிய நிலையில் நேரத்தை மிச்சப்படுத்துவது ஸ்டாக்ஃபிஷின் பலம். அந்தப் பலத்துக்கே அங்கே வேலை இல்லை. ஏற்கெனவே அலசிய நிலைகளைக் குறித்துவைக்கும் நினைவகமும் வெறும் 1 ஜிபி. 64 திரெட்டுகள், அதாவது இணையாக ஓடும் தேடல்கள், ஒரே நேரத்தில் தேடும்போது அது சட்டென்று நிரம்பி, பழைய குறிப்புகள் அழிந்துகொண்டே இருக்கும்.

நிபந்தனைகள் ஸ்டாக்ஃபிஷுக்குப் பாதகமாக இருந்தன என்ற இந்தப் புகார் நியாயமானது என்பதே என் கருத்து. நிபந்தனை ஒருபக்கம் சாய்ந்திருந்தால், எத்தனை ஆட்டம் ஆடினாலும் அந்தச் சாய்வு போகாது. 2018-ல் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆட்டம் முழுவதற்கும் 3 மணி நேரமும் நகர்த்தலுக்குக் கூடுதலாக 15 விநாடியும் கொடுத்து, நினைவகத்தை 32 ஜிபி ஆக்கி, 1000 ஆட்டம் நடத்தினார்கள். ஆல்ஃபாஸீரோ 155 வென்று 6-ல் தோற்றது. அதன் வலிமையை ஐயமில்லாமல் காட்டியது இந்தப் போட்டிதான்.

சரி, நிபந்தனைகள் சமம் என்றே வைத்துக்கொள்வோம். அப்புறமும் தொடக்க நிலை என்றொரு சிக்கல் இருக்கிறது. இரண்டு என்ஜின்களையும் முதல் நகர்த்தலிலிருந்தே விட்டால் ஒரே மாதிரி ஆட்டங்களும் டிராக்களும் குவியும். அதனால் முதல் சில நகர்த்தல்களைச் சோதிப்பவரே ஆடிக் கொடுத்துவிடுவார். உதாரணமாக கிங்ஸ் இந்தியன் என்ற தொடக்க ஆட்டமுறை. என்ஜின்களின் கணக்கில் அதில் வெள்ளைக்குச் சாதகம் அதிகம். ஆகவே அதே நிலையை நிறம் மாற்றி இரண்டு முறை ஆட வைப்பார்கள். இரண்டு என்ஜின்களும் வெள்ளையில் வென்றால் அந்த ஜோடி ஆட்டம் எதையும் சொல்லவில்லை. ஒன்று வெள்ளையில் வென்று, கறுப்பில் டிரா செய்து தப்பினால், அது உண்மையான வித்தியாசம்.

அடுத்தது எண்ணிக்கை. சமபல என்ஜின்கள் ஆடி, பாதி ஆட்டம் டிராவாகும் 100 ஆட்டப் போட்டியில், இரு பக்கமும் சுமார் 50 எலோ புள்ளி (ஆட்ட வலிமையை அளக்கும் புள்ளி) வரை பிழைக்கு இடமுண்டு. அந்தப் பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்டம் வேண்டும். ஸ்டாக்ஃபிஷில் இன்று செய்யப்படும் மாற்றமோ பெரும்பாலும் ஓரிரு புள்ளிதான் தரும்.

அதனால்தான் 2013-ல் ஸ்டாக்ஃபிஷின் மாற்றங்களைச் சோதிக்கும் ஃபிஷ்டெஸ்ட் என்ற அமைப்பு வந்தது. உலகெங்கும் தன்னார்வலர்கள் இரவல் தரும் கணினிகளில் புதிய பதிப்பும் பழைய பதிப்பும் மோதுகின்றன. எத்தனை ஆட்டம் என்று முன்கூட்டியே முடிவு செய்வதில்லை. இரண்டாம் உலகப்போரின்போது ராணுவத் தளவாடங்களைச் சோதிக்க புள்ளியியலாளர் ஆபிரகாம் வால்ட் உருவாக்கிய கணக்கின்படி, ஆட்டம் நடக்க நடக்கவே சான்று எடைபோடப்படுகிறது. தேறாத மாற்றம் சில ஆயிரம் ஆட்டங்களிலேயே கழிக்கப்படும். இழுபறியானது லட்சத்தைத் தாண்டியும் ஓடும்.