ப்ர்னோவில் உயிரெழுத்து எங்கே?

செக் நாட்டுத் தலைநகர் பிராகில் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ரயில் நிலையக் கவுண்டரில் ‘புருனோ’வுக்கு ஒரு டிக்கெட் என்றேன். அந்த அம்மாவுக்குப் புரியவே இல்லை. தாளில் எழுதிக் காட்டிய பிறகுதான் டிக்கெட் கிடைத்தது. நான்கே எழுத்துள்ள பெயரில் எங்கே தவறினேன்?”

அவர் போன ஊர் ப்ர்னோ, செக் நாட்டின் இரண்டாவது பெரிய நகரம். மரபியல் அறிஞர் மெண்டல் பட்டாணிச் செடி வளர்த்த மடம் அங்கேதான் இருக்கிறது. ஊர்ப் பெயரில் ப், ர், ன் என்று வரிசையாக மூன்று மெய். கடைசியில் ஒரே ஓர் உயிர். ஆனாலும் செக் காதுக்கு அதில் இரண்டு அசைகள் உண்டு: ப்ர், னோ.

அது எப்படி? அசை என்பது சத்தத்தில் எழும் ஒரு மேடு. ப், ட், க் சொல்லும்போது வாய்க்குள் காற்று முழுக்க அடைபடுகிறது, அவை தரைமட்டம். ஸ், வ் கொஞ்சம் மேலே. ம், ன் அதற்கும் மேலே. ல், ர் இன்னும் மேலே. உச்சியில் உயிர்கள். “ப்” என்பதை நீட்டிப் பாருங்கள், நீளாது. “ர்ர்ர்” மூச்சு தீரும்வரை ஓடும்.

இப்போது பிராகை எடுத்துக்கொள்வோம். செக் மக்கள் அதை ப்ரஹா என்பார்கள். அங்கே ர்-க்குப் பக்கத்திலேயே அகரம் நிற்பதால் ர் வெறும் ஏற்றம்தான், உச்சி அகரத்துக்குப் போய்விடுகிறது. ப்ர்னோவில் ர்-க்கு இந்தப் பக்கம் ப், அந்தப் பக்கம் ன். இரண்டுமே ர்-ஐ விடத் தாழ்ந்தவை. வேறு ஆள் இல்லாததால் ர் தானே உச்சியாகி உயிரின் வேலையைப் பார்க்கிறது. செக்கில் அழுத்தம் எப்போதும் முதல் அசைக்கு. ஆக அழுத்தமும் அந்த ர் மேலேயே விழுகிறது! எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை. பிராகில் ஓடும் ஆற்றின் பெயர் வ்ல்தவா. அதில் ல் இதே வேலையைச் செய்கிறது. ஒரு பீர் வகைக்கே பெயர் தந்த ப்ல்ஸெஞ் நகரமும் அப்படித்தான். ஜெர்மானியர்கள் நடுவில் ஓர் இகரம் வைத்து அதைப் பில்சன் என்கிறார்கள்.

நாமும் அதைத்தான் செய்கிறோம். ஸ்கூல் நம் பேச்சில் இஸ்கூல் ஆனது. பிராகில் பிறந்து வாழ்நாளெல்லாம் தமிழ் ஆராய்ந்த செக் அறிஞரின் குடும்பப் பெயரில் முதலில் வருவது ஸ், வ் என்ற இரண்டு மெய்கள். நாம் இடையில் உகரம் சேர்த்து கமில் சுவெலபில் என்று எழுதுகிறோம். இது நாக்கின் குறை என்று பலர் நினைக்கிறார்கள். 1999-இல் பிரெஞ்சு ஆய்வாளர் எமானுவேல் டியூபூ குழுவினர் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஜப்பானியர்களுக்கு “எப்ஸோ” என்ற ஒலியைப் போட்டுக் காட்டினார்கள். அவர்களுக்குக் கேட்டது “எபுஸோ”. இல்லாத உகரத்தைக் காதே சேர்த்துவிட்டது. நாக்கு தடித்திருக்கிறது, வசம்பு சுட்டுத் தடவினால் சரியாகும் என்று இன்றும் குழந்தைகளைப் பாடுபடுத்துகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். இப்படிப்பட்ட ஒலியியல் ஆய்வுக்கு இன்னும் நிறையப் பணம் ஒதுக்க வேண்டும் என்பதும் என் கட்சி.

சரி, ப்ர்னோவை எப்படிச் சொல்வது? பஸ் ஓட்டி விளையாடும் பையனைக் கவனியுங்கள். கையில் இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு “ட்ர்ர்ர்” என்று திண்ணையைச் சுற்றுவான். அதில் உயிரே கிடையாது. அந்த ட்-ஐ எடுத்துவிட்டு, ‘தம்பி’யில் வரும் ப்-ஐ வையுங்கள். உதடு பிரிந்த கணமே நாக்கு நுனி அதிரட்டும், அப்புறம் “னோ”.

த்ர்ஷெபீச் போன்ற ஊர்ப் பெயர்கள் வேறு கதை. அங்கே வருவது தலையில் கொக்கி போட்ட ர். நாக்கு நுனி அதிரும்போதே காற்றும் சீற வேண்டும். தமிழில் எழுத முடியாமல் ர்-ஐயும் ஷ்-ஐயும் அடுத்தடுத்துப் போட்டிருக்கிறேன். செக் குழந்தைகளுக்கே அது கடைசியில்தான் வாய்க்கும்; சிலரைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போவார்கள். அதைப் பிறகு பழகிக்கொள்ளலாம். ப்ர்னோவுக்கு நம் சாதாரண ரகரமே போதும்.