கவுன்ட் குறைந்தால் நல்லதா?

"கவுன்ட் ஏறவே இல்லையே டாக்டர், அப்ப இன்ஃபெக்‌ஷன் கம்மிதானே?" ஐசியூ வாசலில் ரிப்போர்ட்டை நீட்டியபடி ஒரு தம்பி கேட்டார். மொத்த வெள்ளையணுக்கள் 2,900 என்று இருந்தது. அவருடைய அம்மாவுக்கு நாள்பட்ட சர்க்கரை. மூன்று நாள் நீர்க்கடுப்பையும் குளிர்காய்ச்சலையும் மெடிக்கல் ஷாப் மாத்திரையிலேயே ஓட்டியிருக்கிறார்கள். வந்தபோது மேல் பிபியே 70தான். கைகால் சில்லிட்டு, பேச்சு குழறியது.

கவுன்ட் ஏறினால் பயப்படுகிறோம். ஆனால் செப்சிஸில், அதாவது தொற்றை எதிர்க்கக் கிளம்பிய உடலே தன் உறுப்புகளைக் கெடுக்கும் இப்படிப்பட்ட நிலையில், அது 4,000-க்குக் கீழே போனால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். கிருமியோடு முதலில் மோதும் நியூட்ரோஃபில் அணுக்களை எலும்பு மஜ்ஜை தினமும் பத்தாயிரம் கோடி அளவில் செய்து அனுப்புகிறது. செலவு அதையும் மிஞ்சிவிட்டால் கவுன்ட் விழும். மஜ்ஜையும் வேறு வழியில்லாமல் முற்றாத அணுக்களை இறக்கிவிடும். ரிப்போர்ட்டில் 'பேண்ட்' என்று வருவது அவைதான்.

இந்த அணுக்கள் சண்டையில் தங்கள் டிஎன்ஏவையே வலையாக வீசிக் கிருமியைப் பிடிக்கும். 2004-ல் கண்டறிந்த விஷயம் இது. வலை அளவு மீறினால் நுண்ணிய ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைந்து அடைக்கும். சிறுநீரகமும் நுரையீரலும் அடிவாங்கும். 'ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது' என்று ஊரில் சொல்கிறோமே, அதில் பாதி விஷம் நம் உடலே கக்கியது. சரி, இந்தக் கொந்தளிப்பை அடக்கினால் போதுமே என்று 1990-களில் அதைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்துகளைப் பரிசோதித்தார்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை.

ஏனென்றால் அதே நேரத்தில் இன்னொரு பக்கம் படை கரைந்துகொண்டிருக்கிறது. கடும் செப்சிஸில் லிம்ஃபோசைட்டுகள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்கள் கூட்டம் கூட்டமாகத் தாமே மடிகின்றன. செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் இறந்தவர்களின் உடற்கூறாய்வில் இதைக் கண்டு 1999-ல் எழுதினார்கள். பிபி தேறி, காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டாம் வாரத்தில் நிமோனியாவோ பூஞ்சைத் தொற்றோ வந்து ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் இதனால்தான்.

அந்த அம்மாவுக்கு லிம்ஃபோசைட் 12 சதவீதம். 2,900-ல் அது வெறும் 348. ஆயிரமாவது இருக்க வேண்டும். நான்காம் நாள் மொத்தக் கவுன்ட் 14,000 ஆனது. தம்பி பதறினார், மஜ்ஜை விழித்துக்கொண்டது என்று எனக்குப் பாதி நிம்மதி. லிம்ஃபோசைட் அப்போதும் 560-தான். நான்காம் நாளிலும் அது ஏறாதவர்களுக்கு இறப்பு அபாயம் கூடுதல். எட்டாம் நாள் 1,440 வந்த பிறகுதான் வீட்டாரிடம் கொஞ்சம் சிரித்துப் பேசினேன்.

எதிர்ப்பு சக்திக்கு ஊசி ஏதாவது உண்டா என்று கேட்காத குடும்பம் இல்லை. லிம்ஃபோசைட்டை ஏற்றும் இன்டர்லூகின்-7 ஆய்வில் இருக்கிறது, வார்டுக்கு இன்னும் வரவில்லை. இன்றைக்குக் கையில் இருப்பது நேரம்தான். செப்டிக் ஷாக், அதாவது செப்சிஸில் பிபி சரிந்துவிட்ட நிலை என்றால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக், அதற்கு முன் எந்தக் கிருமி என்று பார்க்க ரத்தக் கல்ச்சர், குளுக்கோஸ் இல்லாத சலைன் வகைத் திரவம். அடைப்போ சீழோ இருந்தால் உடனே அகற்ற வேண்டும். அப்புறம், உடம்பில் செருகிய சிறுநீர்க் குழாய், ஊசிக் குழாய்களில் தேவை முடிந்தவற்றை ஒரு நாள்கூடக் கூடுதலாக விடக் கூடாது. தளர்ந்த உடம்புக்குள் புதுக் கிருமி ஏறும் வாசல் அவை.

காய்ச்சலோடு குழப்பமான பேச்சு, மூச்சிரைப்பு, சிறுநீர் குறைவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். டிஸ்சார்ஜ் அன்று ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு அந்தத் தம்பியிடம் சொன்னேன்: "அடுத்த சில மாசத்துக்கு அம்மாவுக்குக் காய்ச்சல்னா மெடிக்கல் ஷாப் கிடையாது. நேரா இங்க வாங்க, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும்."