முகப்புக்கு மட்டும் பூட்டு

காரைக்குடியில் சட்டமன்றத்துக்கு நிற்பவருக்கு 2022இல் வகுத்த செலவு வரம்பு 40 லட்சம் ரூபாய். சிவகங்கை மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம். மனுத்தாக்கலுக்கு ஒரு நாள் முன்னதாகவாவது தனி வங்கிக் கணக்கு தொடங்கிவிட வேண்டும். முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்கு ஒப்படைக்க வேண்டும். தக்க காரணமின்றித் தவறினால் 3 ஆண்டு தகுதியிழப்பு.

கணக்கு இடறும் இடம் மேடை. நட்சத்திரப் பேச்சாளரின் பயணச் செலவு கட்சியைச் சேர்ந்தது. ஆனால் வேட்பாளரும் அதே மேடையில் ஏறினால் பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி வாடகை அவர் தலையில் விழும். இரண்டு வேட்பாளர் ஏறினால் சரிபாதி. இதை விட்டுவிட்டுச் சிட்டை எழுதினால், அதிகாரிகள் தனியே வைத்திருக்கும் நிழல் பதிவேட்டோடு ஒத்துவராது.

இவ்வளவும் வேட்பாளருக்கு. கட்சிக்கோ வரம்பே இல்லை. முன்தெருவில் முகப்பும் பின்தெருவில் இன்னொரு வாசலுமாக நீளும் நம்மூர் வீட்டில் முகப்பை மட்டும் பூட்டியது போலத்தான். கட்சி செய்த செலவும் வேட்பாளர் கணக்கில் சேரும் என்று 1974இல் கன்வர்லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி, கட்சிச் செலவுக்கு விலக்கு கொடுத்து அதை முறித்தார்கள். 2003இல் விலக்கைச் சுருக்கியும், கட்சியின் பொதுப் பிரச்சாரத்துக்கு அளவு வரவில்லை.

கட்சிக்கு வரம்பு வைக்கச் சாதாரணச் சட்டமே போதும். எளிதில் மாற்றிவிடலாம் என்பதுதான் அதன் வியாதி. கம்பெனிகள் தரும் நன்கொடைக்கு இருந்த 7.5 சதவீத லாப வரம்பை 2017 நிதிச் சட்டம் நீக்கியது. பண மசோதா என்பதால் மாநிலங்களவை சொன்ன திருத்தங்கள் எடுபடவில்லை. 2024 பிப்ரவரி 15 அன்று, தந்தவர் பெயர் வெளிவராமல் கட்சிக்கு நன்கொடை சேர்த்த தேர்தல் பத்திரம் பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பில்தான் அந்த நீக்கம் செல்லாதென்று ஆனது.

கட்சிக்கான வரம்பை அரசியலமைப்பில் தேர்தல்களைப் பற்றிய 15ஆம் பகுதியில் எழுதிவிட்டால் அந்தக் குறுக்குவழி அடைபடும். 368ஆம் பிரிவுப்படி, மாற்ற நினைப்பவருக்கு ஒவ்வொரு அவையிலும் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தவரில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். மக்களவையின் 543 பேரும் வாக்களித்தால் 362. இரு அவைகளையும் சேர்த்துக் கூட்டுக்கூட்டம் போட்டுத் தப்பிக்கவும் முடியாது. மாநிலங்களின் ஒப்புதல் கேட்கும் பட்டியலில் இந்தப் பகுதி இல்லை.

ரூபாய்த் தொகையை அங்கே எழுதக்கூடாது, விலைவாசி தின்றுவிடும். கட்சிக்கும் வரம்பு உண்டு என்ற கடமையை எழுதி, தொகையைத் தேர்தல் ஆணையத்திடம் விடலாம். கூடவே நன்கொடையாளர் பெயரும் வேண்டும். இன்று ஒருவர் ஒரு நிதியாண்டில் தந்தது 20,000 ரூபாயைத் தாண்டாவிட்டால் ஆணையத்துக்குப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. நகரத்தார் கோவிலில் மணமான தம்பதியை ஒரு புள்ளியாகக் கணக்கிட்டு வாங்கும் புள்ளி வரியில்கூட எந்தப் புள்ளி கட்டியது என்று பேரேட்டில் இருக்கும்.