பாண்டாக்களின் வாசனை உலகம்

சீனாவின் சிச்சுவான், ஷான்சி, கான்சு மாகாணங்களின் மலைக்காடுகளில் வாழும் பாண்டாவைத் தனிமை விரும்பி என்பார்கள். அது பாதி உண்மைதான். பாண்டாக்கள் நேரில் சந்திப்பது அரிது. ஆனாலும் அக்கம்பக்கத்தில் இருப்பது ஆணா பெண்ணா, அந்நியமா பழகியதா என்பதை ஒவ்வொன்றும் அறிந்தே வாழ்கிறது.

தனிமைக்குக் காரணம் சாப்பாடு. பாண்டா தின்பது மூங்கில்; அதன் குடலோ ஊனுண்ணியின் குடல். உண்பதில் ஐந்தில் ஒரு பங்கு செரித்தாலே பெரிது. அதனால் நாளில் 10 முதல் 14 மணி நேரம் மென்றுகொண்டே இருக்கிறது. மற்ற கரடிகளைப் போலக் கொழுப்பைச் சேர்த்துப் பனிக்காலத்தை உறங்கிக் கழிக்கவும் வழியில்லை. கூட்டமாக அலைந்தால் ஒரே மூங்கில் புதருக்குப் போட்டிதான் மிஞ்சும்.

ஆகவே பாண்டாக்கள் மரங்களின் வழியாகப் பேசிக்கொள்கின்றன. வாலுக்கு அடியிலுள்ள சுரப்பியிலிருந்து வரும் மெழுகு போன்ற பொருளை மலைமுகட்டுப் பாதையோர மரங்களில் தேய்த்துவிட்டுப் போகும். அந்த வாசனை வாரக்கணக்கில் நிற்கும். பின்னால் வரும் பாண்டா அதை முகர்ந்தே பாலினத்தையும் இனப்பெருக்க நிலையையும் அறிந்துகொள்ளும். வளர்ந்த ஆண்கள் முன்னங்கால்களை ஊன்றித் தலைகீழாக நின்று மரத்தில் சிறுநீர் தெளிப்பதும் உண்டு. வேடிக்கையாகத் தோன்றும் இந்தச் செயலுக்குக் கணக்கு இருக்கிறது: வாசனைக் குறி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, வைத்தவன் அவ்வளவு பெரியவன். வலியவனை முன்கூட்டியே அறிந்து ஒதுங்கிவிட்டால் வீண் சண்டை மிச்சம்.

வசந்த காலத்தில் இந்த வாசனைக்கு அவசரம் கூடிவிடுகிறது. பெண் கருத்தரிக்கக்கூடிய காலம் ஆண்டுக்கு ஒரு முறை, ஒன்று முதல் மூன்று நாட்கள் மட்டுமே. அதைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். வாசனையைத் தொடர்ந்து ஆண்கள் பலர் கூடுகிறார்கள். உறுமலும் சண்டையும் ஆட்டுக்குட்டி போன்ற கனைப்பும் காட்டை நிறைக்கின்றன. அது முடிந்ததும் ஆண் தன் வழியே போய்விடும். குட்டியை வளர்ப்பது தாய் மட்டுமே.

வளர்ந்த பின் பிறந்த இடத்தைவிட்டுத் தொலைவு போவது பெரும்பாலும் மகள்கள்தான். பல பாலூட்டிகளில் இது நேர்மாறு. அந்தப் பயணத்தைத்தான் சாலைகளும் வயல்களும் மறிக்கின்றன. 2014 வரை நடந்த கணக்கெடுப்பில் காட்டுப் பாண்டாக்கள் 1,864. அவையும் 33 துண்டுகளாகப் பிரிந்து கிடந்தன. துண்டுகளைக் கடக்க முடியாவிட்டால் சிறு கூட்டங்களில் உறவுக்குள்ளேயே இனச்சேர்க்கை நடக்கும். 2021இல் சீனா முறைப்படி அமைத்த பாண்டா தேசியப் பூங்கா, இத்துண்டுகளை வழித்தடங்களால் இணைக்க முயல்கிறது. கூண்டில் குட்டிகளைப் பெருக்குவதைவிட இதுவே அவசரமான வேலை என்று நான் நினைக்கிறேன்.