ஒரு கன மீட்டர் நீரும் ஒரு மீன்குஞ்சும்

"ஆண்டு முழுவதும் ஆற்றில் ஓடும் நீரில் நூற்றில் ஒரு பங்கை மட்டுமே குடிநீருக்காக எடுக்கும் ஒரு நீரேற்றுத் திட்டத்துக்கு எதற்காகப் பல ஆண்டுகள் நீளும் சுற்றுச்சூழல் ஆய்வு?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். அதற்கான விடையின் ஒரு பாதி "நூற்றில் ஒரு பங்கு" என்னும் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. மறு பாதி, குழாயின் வாயில் பொருத்தப்படும் சல்லடையின் மில்லிமீட்டர் அளவிலான இடுக்குகளில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அந்த இரண்டாம் பாதி. ஆனாலும் முதலில் கணக்கை முடித்துவிடுவோம்.

ஓர் ஆற்றின் ஆண்டுச் சராசரி நீரோட்டம் நொடிக்கு 100 கன மீட்டர் என்றும், திட்டம் எடுக்க விரும்புவது நொடிக்கு 1 கன மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு இது 86,400 கன மீட்டர், அதாவது 8.64 கோடி லிட்டர். சராசரியோடு ஒப்பிட்டால் ஒரு விழுக்காடுதான். ஆனால் சராசரி நீரோட்டம் என்பது கணக்கேட்டில் இருப்பது. ஆற்றில் நாள்தோறும் ஓடுவது வேறு. சில வாரங்களே நீடிக்கும் வெள்ளம் அந்த எண்ணை மேலே தூக்கிவிடுவதால், பெரும்பாலான ஆறுகளில் ஆண்டின் பாதிக்கும் மேற்பட்ட நாட்களில் நீரோட்டம் சராசரிக்குக் கீழேதான் இருக்கும். வறட்சியின் உச்சத்தில் இந்த ஆற்றில் நொடிக்கு 4 கன மீட்டர்தான் ஓடுகிறது என்றால், அந்த நாட்களில் திட்டம் எடுப்பது நான்கில் ஒரு பங்கு.

இதனால்தான் திட்டமிடுவோர் சராசரியை ஒதுக்கிவைத்துவிட்டு, பல்லாண்டுகளின் அன்றாட நீரோட்டத்தைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி, எந்த அளவு நீர் எத்தனை விழுக்காடு நாட்களில் கிடைக்கிறது என்று காட்டும் வளைகோட்டை வரைகிறார்கள். நூற்றில் 95 நாட்களில் ஆறு எந்த அளவுக்குக் கீழே இறங்குவதில்லையோ அந்த அளவு இங்கிலாந்தின் நீர் உரிமங்களில் முக்கியமான அடையாளக் கல்லாகப் பயன்படுகிறது. அமெரிக்காவில், பத்தாண்டுக்கு ஒரு முறை நேரக்கூடிய மிகக் குறைந்த ஏழு நாள் சராசரியைக் கணக்கிடுவது வழக்கம். மீன்களின் பக்கமிருந்து இதே கேள்வியை அணுகியவர் அமெரிக்க மீன்வள ஆய்வாளர் டொனால்ட் டெனன்ட். மொன்டானா, வயோமிங், நெப்ராஸ்கா ஆகிய மாநிலங்களின் 11 ஓடைகளில் 58 குறுக்குவெட்டுகளை அளந்து 1976-இல் அவர் வெளியிட்ட முடிவு இன்றும் பல நாடுகளில் முதல் மதிப்பீடாகப் பயன்படுகிறது. நீரோட்டம் சராசரியில் 10 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போது ஆற்றின் அகலம், ஆழம், வேகம் ஆகிய மூன்றும் மிக விரைவாகச் சுருங்குகின்றன என்பதே அவர் கண்டது. முதலில் வெளியே தெரிவது கற்களின் மேல் சலசலத்து ஓடும் ஆழமற்ற பகுதி. மீனுக்கு உணவாகும் பூச்சிகளின் இளம்புழுக்கள் மிகுதியாக வாழும் இடமும் அதுவே.

ஆகவே, ஆறு ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் பம்புகளை நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனை பிறக்கிறது. நம் கணக்கு ஆற்றில் அந்த எல்லை 10 கன மீட்டர் என்றும், ஆண்டில் தொடர்ந்து 40 நாட்கள் ஆறு அதற்குக் கீழே ஓடுகிறது என்றும் கொண்டால், அந்த 40 நாட்களுக்கான ஏறத்தாழ 34.6 லட்சம் கன மீட்டர் நீரை முன்கூட்டியே தேக்கி வைத்தாக வேண்டும். சராசரியாக 5 மீட்டர் ஆழமுள்ள தேக்கம் என்றால் அதற்கு 69 ஹெக்டேர் நிலம் வேண்டும். ஆற்றின் மீதிருந்த சுமை இப்போது நிலத்தின் மீது இறங்கிவிட்டது. அந்த நிலத்தில் என்ன இருக்கிறது, அதை யார் பயன்படுத்துகிறார்கள், வேறு வழி உண்டா என்ற கேள்விகள் அங்கிருந்து தொடங்குகின்றன. அமெரிக்காவின் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் 1970 ஜனவரி 1 அன்று கையெழுத்தானது. அதன் கீழ் 1978-இல் வகுக்கப்பட்ட விதிமுறைகள், மாற்று வழிகளை ஒப்பிடும் பகுதியைத்தான் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் இதயம் என்று குறிப்பிட்டன. கசியும் பழைய குழாய்களைச் சரிசெய்தால் எவ்வளவு நீர் மிச்சமாகும்? ஆற்றுக்குள் குழாயை நீட்டாமல் கரையில் கிணறு தோண்டி மணல் வழியாக ஊறிவரும் நீரை எடுக்க முடியுமா? ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரம் 1870 முதல் ரைன் ஆற்றின் கரையிலிருந்து இவ்வாறுதான் நீர் பெற்று வருகிறது. எதையுமே கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் ஆராயப்பட வேண்டிய ஒரு மாற்று வழியே.

இந்த இடத்தில் ஒரு நம்பிக்கையைப் பற்றிச் சொல்லாமல் கடக்க எனக்கு மனமில்லை. "கடலில் வீணாகக் கலக்கும் நீரைத்தானே எடுக்கிறோம்" என்ற வாதத்தைப் படித்தவர்களும் சொல்கிறார்கள். நான் இதை ஒரு மூடநம்பிக்கையாகவே கருதுகிறேன். கடலைச் சேரும் ஆற்றுநீர், கழிமுகத்துக்குள் உப்புநீர் ஏறிவராமல் எதிர்த்து நிற்கிறது. கரையோர மீன்களுக்கு வேண்டிய ஊட்டச்சத்தையும், கரை அரிக்கப்படாமல் காக்கும் வண்டலையும் சுமந்து செல்கிறது. 1960-களின் நடுவில் அஸ்வான் உயர் அணை நைல் நதியின் வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தியதும், எகிப்தின் மத்தியதரைக் கடற்கரையில் மத்தி மீன்பிடிப்பு சில ஆண்டுகளிலேயே சரிந்து விழுந்தது. ஒரு நீரேற்று நிலையத்தை அந்த அணையோடு ஒப்பிட முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஒரே ஆற்றில் இருபது நீரேற்று நிலையங்கள் அமைந்தால் அவை ஒவ்வொன்றும் தான் எடுப்பது சிறிது என்று சொல்லும். எனவே ஒட்டுமொத்தத் தாக்கத்தைக் கணக்கிடாத ஆய்வை முழுமையான ஆய்வாக ஏற்க முடியாது.

இனி குழாயின் வாய்க்கு வருவோம். 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு வெறும் குழாயை ஆற்றுக்குள் நீட்டி நொடிக்கு 1 கன மீட்டர் நீரை உறிஞ்சினால், அதன் வாயில் நீரின் வேகம் நொடிக்கு 2.6 மீட்டர். வேகமாக நடக்கும் மனிதரைவிட இது ஏறத்தாழ இரு மடங்கு. அருகில் வரும் மீன்குஞ்சுக்குத் தப்பிக்க வழியே இல்லை. சற்றே விலகிப் போனால்? திறந்த வாயை நோக்கி நீர் எல்லாத் திசைகளிலிருந்தும் வருகிறது. வாயைச் சுற்றி ஒரு கோளத்தைக் கற்பனை செய்தால், அந்தக் கோளத்தின் பரப்பு முழுவதையும் கடந்து மொத்தம் 1 கன மீட்டர் நீர் ஒவ்வொரு நொடியும் உள்ளே வந்தாக வேண்டும். கோளத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தோடு வளர்வதால், தூரம் இரு மடங்கானால் வேகம் நான்கில் ஒன்றாகிவிடும். 1 மீட்டர் தொலைவில் அந்த வேகம் நொடிக்கு 8 சென்டிமீட்டர். 2 மீட்டர் தொலைவில் வெறும் 2 சென்டிமீட்டர். அதாவது, குழாயின் கொடுமையெல்லாம் அதன் வாயருகே ஒரு சிறு பகுதிக்குள் அடங்கிவிடுகிறது.

மீன்கள் சல்லடையில் அழுந்திச் சாகாமல் காக்க, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மின்நிலையங்களின் குளிர்நீர் எடுப்புக்காக 2001-இலும் 2014-இலும் வகுத்த விதிகள் நொடிக்கு அரை அடி, அதாவது ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் என்ற வேகத்தை அளவுகோலாகக் கொண்டன. நம் குழாயைச் சுற்றி நீரின் வேகம் இந்த அளவாக இருக்கும் கோளத்தின் ஆரம் சுமார் 73 சென்டிமீட்டர். அதன் பரப்பு சுமார் 6.7 சதுர மீட்டர். இந்தக் கணக்கில் நான் வியந்து நிற்கும் இடம் இதுதான்: கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோளப் பரப்பை உலோகத்தால் செய்து ஆற்றுக்குள் வைத்தால் அதுவே சல்லடை. அபாயமான வேகம் முழுவதும் அதன் உள்ளே அடைபட்டுவிடுகிறது. மீன் உலவும் வெளிப்புறத்தில் அந்த எல்லையைத் தாண்டிய வேகம் எங்கும் இல்லை. நிலையம் உறிஞ்சும் நீரில் ஒரு துளி கூடக் குறைவதில்லை. பரப்பு மட்டும் பெரிதாகிறது.

நடைமுறையில் இது கோளமாக இராமல் படுக்கவைத்த உருளையாக இருக்கும். அதைச் சுற்றி ஆப்பு வடிவக் குறுக்குவெட்டு கொண்ட எஃகுக் கம்பியை நெருக்கமான இடுக்குகளுடன் சுற்றியிருப்பார்கள். கம்பியின் அகன்ற முகம் வெளியே பார்த்திருப்பதால், இடுக்கு வெளிப்புறம் குறுகியும் உட்புறம் விரிந்தும் இருக்கும். நுழைந்துவிட்ட மணல்துகள் நடுவில் சிக்கி அடைத்துக்கொள்ளாமல் உள்ளே போய்விடும். சால்மன் குஞ்சுகள் வாழும் ஆறுகளுக்கு அமெரிக்கக் கடல் மீன்வளத் துறை சொல்லும் இடுக்கின் அளவு 1.75 மில்லிமீட்டர், அணுகும் வேகம் நொடிக்கு 12 சென்டிமீட்டர். பரப்பில் பாதியைக் கம்பியே அடைத்துக்கொள்கிறது என்று கொண்டு, இடுக்கின் உள்ளேயும் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றால், நம் திட்டத்துக்கு 13.3 சதுர மீட்டர் வேண்டும். 1 மீட்டர் விட்டமும் 2.2 மீட்டர் நீளமும் கொண்ட இரண்டு உருளைகள் போதும்.

ஆனால் பரப்பைப் பெருக்குவதோடு வேலை முடிந்துவிடாது. உருளையின் ஒரு முனையில்தான் உறிஞ்சு குழாய் இணைகிறது. நீர் எளிய வழியைத் தேடும். எனவே இணைப்புக்கு அருகிலுள்ள இடுக்குகள் வழியே பெருமளவு நீர் பாயும், மறுமுனை ஏறத்தாழச் சும்மா கிடக்கும். சராசரி வேகம் விதிக்குள் இருந்தாலும், இணைப்பின் அருகே அது பல மடங்காகிவிடக்கூடும். இதற்குக் கண்ட தீர்வு உருளைக்குள் இன்னொரு சிறிய துளைக்குழாய். அதன் துளைகள் வேண்டுமென்றே நீரோட்டத்துக்குத் தடையாக இருக்கும்படி அமைக்கப்படுகின்றன. ஒவ்வொரு துளையிலும் நீர் சந்திக்கும் தடை, உருளையின் நெடுகிலும் ஏற்படும் அழுத்த வேறுபாட்டைவிடப் பெரிதாக இருந்தால், எந்தத் துளை வழியாகப் போனாலும் நீருக்கு ஏறத்தாழ ஒரே செலவுதான். அதனால் எல்லாத் துளைகளிலும் ஏறத்தாழச் சமமாகப் பிரிந்து பாய்கிறது. தடையைக் கூட்டிச் சமநிலையைப் பெறுவது எவ்வளவு அழகான யோசனை!

இன்னொரு துணை ஆற்றிடமிருந்தே கிடைக்கிறது. முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஒரு சென்டிமீட்டர் குஞ்சு, நொடிக்குத் தன் உடல் நீளத்தைப் போலச் சில மடங்கு தூரமே நீந்த வல்லது. 15 சென்டிமீட்டர் வேகத்தை எதிர்த்து அதனால் நிற்க முடியாது. ஆகவே உருளையை ஆற்றோட்டத்துக்கு இணையாக வைத்து, சல்லடையை உரசிக்கொண்டு ஓடும் வேகம் உள்ளே இழுக்கும் வேகத்தைவிட அதிகமாக இருக்கும்படி இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். குஞ்சு உள்ளே இழுக்கப்படுவதற்கு முன் ஆறே அதைக் கீழே கொண்டுபோய்விடுகிறது. சருகும் பாசியும் அப்படியே. சற்று வளர்ந்த மீன்களோ உடலின் இருபுறமும் ஓடும் பக்கக் கோட்டு உணர்வுறுப்பால், அருகில் நீரின் வேகம் மாறுவதை உணர்ந்து தாமே விலகிக்கொள்கின்றன. யாங்சே ஆற்றின் பெருங்கெண்டைகளுக்கு இத்தகைய ஏற்பாடும் முழுப் பாதுகாப்பாகாது. நீர்மட்டம் உயரத் தொடங்கும்போது அவை இடும் முட்டைகள், நீரோட்டத்தில் மிதந்து சென்றபடியே பொரிக்க வேண்டியவை. அவற்றால் எதையும் உணர்ந்து விலக முடியாது. ஆகவே எந்த மீன், எந்த மாதத்தில், எந்த ஆழத்தில் என்று ஆற்றிலேயே இறங்கிப் பார்க்காமல் இடுக்கின் அளவை முடிவு செய்ய இயலாது. ஆய்வுக்கு ஆண்டுகள் ஆவதன் முதன்மைக் காரணங்களுள் இதுவும் ஒன்று.

பிற கூறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1 கன மீட்டர் நீரை 100 மீட்டர் உயர்த்தக் கோட்பாட்டளவில் 0.27 யூனிட் மின்சாரம் வேண்டும். பம்பும் மோட்டாரும் சேர்ந்து 75 விழுக்காடு திறனுடன் இயங்கினால் 0.36 யூனிட். பம்புகளைத் திடீரென முழு வேகத்தில் இயக்கினால், ஆழமற்ற சிற்றாறுகளில் நீர்மட்டம் சட்டென்று இறங்கிக் குஞ்சுகள் கரையோரக் குட்டைகளில் சிக்கிக்கொள்ளும். எனவே மெல்லக் கூட்டி மெல்லக் குறைக்க வேண்டும். குழாய் ஒரு வடிநிலத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்லுமானால், நீரோடு நோய்க்கிருமியும் அயல் உயிரினமும் கூடவே பயணம் செய்யும். மிசௌரி ஆற்றின் சகாகாவியா தேக்கத்திலிருந்து ஹட்சன் விரிகுடா வடிநிலத்திலுள்ள மைனாட் நகருக்கு நீர் கொண்டுசெல்லும் திட்டத்தை எதிர்த்து, கனடாவின் மானிடோபா மாகாணம் 2002-இல் அமெரிக்க நீதிமன்றத்துக்குச் சென்றது இந்த அச்சத்தால்தான். நீதிமன்றம் மேலும் ஆய்வு செய்யும்படி உத்தரவிட்டது. வழக்கு பல ஆண்டுகள் நீண்டது. தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டிய ஆய்வைத் தள்ளிப்போட்டால் காலம் மிச்சமாவதில்லை.

இத்தனை கணக்குகளும் ஒரே அடித்தளத்தின் மீது நிற்கின்றன. அது ஆற்றை நாள்தோறும் அளந்து எழுதிய பதிவேடு. அமெரிக்காவின் கொலராடோ ஆற்றின் நீரை மாநிலங்கள் பங்கிட்டுக்கொண்ட 1922-ஆம் ஆண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு 15 மில்லியன் ஏக்கர் அடி, அதாவது சுமார் 18.5 கன கிலோமீட்டர் நீரைப் பங்கு வைத்தது. கையிலிருந்த பதிவுகள் சில பத்தாண்டுகளுக்கு உரியவை. அவையும் வழக்கத்துக்கு மாறாக மழை மிகுந்த காலத்தைச் சேர்ந்தவை. மர வளையங்களைக் கொண்டு சில நூற்றாண்டுகளுக்குப் பின்னோக்கிக் கணக்கிட்டு 1976-இல் வெளியான ஆய்வு, நீண்டகாலச் சராசரி 13.5 மில்லியன் ஏக்கர் அடி மட்டுமே என்று காட்டியது. இல்லாத நீரைப் பங்கிட்டதன் விளைவை அந்த ஆறு இன்றும் சுமக்கிறது. இவ்வளவு தெரிந்திருந்தும், 1980-களுக்குப் பிறகு பல நாடுகள் செலவைக் குறைப்பதற்காக ஆற்று அளவீட்டு நிலையங்களை மூடின. அறிக்கைகளுக்கும் கணினி மாதிரிகளுக்கும் ஒதுக்கப்படும் பணத்தில் ஒரு சிறு பங்கையாவது முப்பது ஆண்டுகள் தொடர்ந்து ஓர் ஆற்றை அளக்கும் பணிக்குத் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விட்டுப்போன ஓர் ஆண்டின் அளவீட்டை எந்தப் பணத்தாலும் பின்னால் வாங்க முடியாது.

திட்டம் கட்டி முடிந்த பிறகும் அளவீடு நிற்கக் கூடாது. சல்லடைக்கு வெளியே ஆற்றிலும், உள்ளே நீரேற்று நிலையத்தின் கிணற்றிலும் ஒரே இரவில் நுண்வலைகளை இட்டு, இரண்டிலும் அகப்படும் முட்டைகளையும் குஞ்சுகளையும் எண்ணி ஒப்பிடுகிறார்கள். பல இனங்களின் குஞ்சுகள் இரவில்தான் மிகுதியாக மிதந்து செல்கின்றன என்பது இத்தகைய மாதிரிகளில் தெரியவரும் செய்தி. மின்சாரம் இரவில் மலிவாகக் கிடைக்கும் இடங்களில், பம்புகளை ஓட்ட நிலையம் விரும்பும் நேரமும் அதுவே. நல்ல உரிமம் ஒன்றில் இதற்கும் ஒரு வரி இருக்கும்: முட்டையிடும் பருவத்தின் சில வாரங்களில் பொழுது சாய்ந்ததும் பம்புகள் நிற்க வேண்டும், அந்த இரவுகளின் தேவையை, முன்பு 69 ஹெக்டேரில் கட்டிய தேக்கம் ஈடுசெய்ய வேண்டும்.